கையுறைக்குள் குடித்தனம்

சாயங்காலம் நாலு இருபதுக்கு என் மகள் கத்தினாள். நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கக் காரணம் உண்டு. அப்போதுதான் அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து மணிக்குத் தொழிற்சாலைச் சங்கு ஊதும். ஊதின கையோடு என் கணவரின் சைக்கிள் வாசலுக்கு வந்துவிடும். ராணுவத்துக்கு ஏதோ செய்து கொடுத்துவிட்டு வருகிற மனிதர். என்ன செய்கிறார் என்று மனைவியிடம்கூடச் சொல்லக் கூடாதாம், ரகசியமாம். ஆவடி பஸ் ஸ்டாண்டில் சுண்டல் விற்கிறவருக்குத் தெரிந்த ரகசியம். எப்படியோ, வந்ததும் காபி சூடாக இருக்க வேண்டும்.

பத்து வயதுப் பெண் பிள்ளை ஒரு நாளில் பலமுறை கத்தும். பல்லிக்கு ஒரு கத்தல், பேன் சீப்புக்கு ஒரு கத்தல், ரேடியோவில் பிடித்த பாட்டு வந்தால் இன்னொரு கத்தல். எல்லா ரகமும் எனக்குப் பழக்கம். பின்கட்டிலிருந்து வந்த இந்தக் கத்தல் எந்த ரகத்திலும் சேரவில்லை. பாலை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். அது பொங்கி, வழிந்து, தீய்ந்து, பாத்திரம் ஓட்டையாகிப் போனதெல்லாம் மறுநாள்தான் தெரிந்தது. இப்போது மகள் கல்லூரிக்குப் போகிறாள், என்னைவிட ஒரு சாண் உயரம். பால் தீய்கிற வாடை வந்தால் இன்றும் நான் முதலில் ஓடுவது பின்கட்டுக்குத்தான். சிரித்துக்கொண்டே எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

எண்பதுகளின் கடைசி அது. ஐப்பசி மழை எங்கள் குவார்ட்டர்ஸுக்கு ஒரு ஒழுங்கோடுதான் வரும். முதலில் தண்ணீர் வரும். அப்புறம் பள்ளிக்கூடத்துக்கு லீவு வரும். மழை கொஞ்சம் விட்டதும் சிலந்திகள் வரும். விளக்குக் கம்பத்துக்கும் வேலிகாத்தான் முள்ளுக்கும் நடுவில், கொடிக்கயிற்றுக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவில், ஒரே ராத்திரியில் ஆளுயர வலை கட்டிவிடும். மஞ்சளும் கறுப்புமாக, ஒவ்வொன்றும் ரேஷன் கடைக்காரர் தோரணையில் வலைக்கு நடுவில் அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

இதனால் பாதிக்கப்பட்டவர்கள் காலை ஷிஃப்டுக்குப் போகிறவர்கள். யார் சைக்கிள் முதலில் கிளம்புகிறதோ அவர் முகத்தில் முழு வலையும் ஒட்டும். அதனால் மழை விட்ட மறுநாள் எங்கள் லைனில் ஒருவரும் முதலில் கிளம்ப மாட்டார்கள். டயரில் காற்று இருக்கிறதா என்று குனிந்து குனிந்து பார்ப்பார்கள். இருக்கிற செயினைக் கழற்றி மறுபடி மாட்டுவார்கள். கடைசியில், லைனிலேயே உயரமான, பொறுமையே இல்லாத ஒரு ஃபிட்டர் "போங்கய்யா" என்று பெடலை மிதிப்பார். அவர் வலைகளையெல்லாம் முகத்தால் கிழித்துக்கொண்டு போக, பின்னால் மொத்த லைனும் அணிவகுக்கும். நாட்டின் பாதுகாப்பு இவர்கள் கையில் இருந்தது.

அந்த வலைக்காரச் சிலந்திகள் பாவம், யாரையும் எதுவும் செய்வதில்லை. இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு, நான் விலங்கியல் பட்டதாரி. யாராவது "எட்டுக்கால் பூச்சி" என்று சொன்னால், "பூச்சிக்கு ஆறு கால்தான், சிலந்தி பூச்சியே இல்லை" என்று திருத்துவேன். மூன்று வருடப் படிப்பில் மிஞ்சியது அந்த ஒரு வாக்கியமும், மார்க்கெட்டில் மீன் செவுளைத் தூக்கிப் பார்க்கிற துணிச்சலும்தான். வலையில் உட்கார்ந்திருப்பது நம் கண்ணில் படுகிறது, விலகிப் போய்விடலாம். வலை கட்டாமல் அலைகிற ஜாதி ஒன்று இருக்கிறது, பயம் அதனிடம்தான் வேண்டும். மரப்பொந்திலும் விறகுச் சந்திலும் ஒளிந்திருக்கும். மழைத் தண்ணீர் உள்ளே புகுந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு உலர்ந்த இடம் தேடிக் கிளம்பும். உலர்ந்த, இருட்டான, யாரும் தொந்தரவு செய்யாத இடம். குவார்ட்டர்ஸில் அப்படிப்பட்ட இடமெல்லாம் நாம் பார்க்காமல் கையைவிடுகிற இடமாகவே இருக்கும்.

இப்போது என் கணவரின் பாதுகாப்பு மோகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் வருடா வருடம் பாதுகாப்பு வாரம் கொண்டாடுவார்கள். அந்த வருடம் வாசகப் போட்டியில் அவருக்கு ஆறுதல் பரிசாக ஒரு பிளாஸ்டிக் வாளி கிடைத்தது. வாளி வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து எங்கள் வீடு ஒரு பட்டறை ஆகிவிட்டது. செருப்பை உதறித்தான் போட வேண்டும். கொடியில் காய்ந்த துணியை உதறித்தான் உடுத்த வேண்டும். பின்கட்டுக்குப் போனால் முழுக்கைச் சட்டை. விறகைத் தொட்டால் கையுறை.

விறகு என்றால் காட்டு விறகு இல்லை. தொழிற்சாலைக்குச் சாமான் வந்து இறங்கும் மரப்பெட்டிகளை உடைத்துப் பலகையாக ஊழியர்களுக்குக் கொடுப்பார்கள். வெந்நீர் பாய்லருக்கு எரிக்கலாம். எல்லார் வீட்டுப் பின்கட்டிலும் அந்தப் பலகைகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருக்கும். அதில் ஆணி இருக்கும், சிராய் இருக்கும், தேள் இருக்கும். ஆகவே வேலைக்குக் கொடுத்த பழைய தோல் கையுறையை, முழங்கை வரை வருவதை, பின்கட்டுச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டார். இவர் மட்டும் இல்லை, லைனில் முக்கால்வாசி வீடுகளில் இதே கையுறை இதே மாதிரி ஆணியில் வாயைத் திறந்துகொண்டு மழைக்காலம் பூராவும் தொங்கியது. செருப்பை உதறச் சொன்ன ஊரில் கையுறையை உதறச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏன் தோன்றும்? கையுறைதானே பாதுகாப்பு. பாதுகாப்பையே யாராவது சந்தேகப்படுவார்களா?

வீட்டில் இந்த உத்தரவுகளை மதித்தவள் ஒருத்திதான். நான் வெறுங்கையால்தான் விறகு எடுப்பேன். உத்தரவு போட்டவரும், நான் பார்க்காதபோது, வெறுங்கைதான். மகள் மட்டும் அப்பா சொன்னால் சொன்னதுதான் என்று இருப்பாள். அன்று மழை லீவு. விளையாடும்போது அவளுடைய இறகுப்பந்து விறகு அடுக்கின் சந்தில் விழுந்துவிட்டது. வேறு பிள்ளையாக இருந்தால் சட்டென்று கையைவிட்டு எடுத்துக்கொண்டு ஓடியிருக்கும், ஒன்றும் ஆகியிருக்காது. இவள் முறைப்படி செருப்பை உதறிப் போட்டாள், முழுக்கைச் சட்டையின் பொத்தானை மாட்டினாள், ஆணியிலிருந்து கையுறையை எடுத்தாள், உள்ளே கையைவிட்டாள்.

நான் போனபோது கையுறை அவள் கையிலேயே இருந்தது. கையை உதறிக்கொண்டு பின்கட்டு முழுக்க ஓடிக்கொண்டிருந்தாள். பிடித்து நிறுத்தி, இழுத்துக் கழற்றித் தரையில் எறிந்தேன். எறிந்த கையுறையிலிருந்து ஒரு கால் வெளியே வந்தது. பிறகு இன்னொரு கால். அவசரமே இல்லை. காலி செய்யச் சொன்னால் குடித்தனக்காரர்கள் ஒவ்வொரு சாமானாக எடுத்து வாசலில் வைப்பார்களே, அப்படி. குவார்ட்டர்ஸில் உள்வாடகைக்கு விடக் கூடாது என்பது அரசாங்க விதி, அதை யாரும் இதனிடம் சொல்லவில்லை போலும். முழுசாக வெளியே வந்து நின்றபோது என் உள்ளங்கை அகலம் இருந்தது. சாம்பல் நிறம், உடம்பு பூரா மயிர். என்னைப் பார்த்து முன்னங்கால்களைத் தூக்கிக் காட்டியது. கால்களின் உட்புறம் நல்ல மஞ்சள்.

கடித்த ஜந்துவைக் கொண்டுபோய்க் காட்டினால் டாக்டருக்கு உதவும் என்று எப்போதோ படித்திருந்தேன். கழுவி வைத்திருந்த காபித் தூக்கை எடுத்து அதன்மேல் கவிழ்த்தேன். அடியில் ஒரு தட்டைச் செருகித் திருப்பி, மூடியைப் போட்டு அமுக்கினேன். எப்படிச் செய்தேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது. கரப்பான் பறந்தால் பக்கத்து வீட்டுக்குக் குடிபோகிறவள் நான்.

மகளின் வலது கை நடுவிரலுக்குக் கீழே இரண்டு சிவப்புப் புள்ளிகள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளங்கை உப்பியது. "அம்மா, எரியுது, எரியுது" என்று துள்ளினாள். அதற்குள் சத்தம் கேட்டு மூன்று வீட்டுக்காரப் பெண்கள் வந்துவிட்டார்கள். குவார்ட்டர்ஸில் தமிழ்நாடே குடியிருந்தது என்று சொல்வார்கள். அன்று தமிழ்நாட்டின் மூன்று மூலைகள் என் பின்கட்டில் கூடின.

முதலில் பக்கத்து வீட்டு நாகர்கோவில் அக்கா. "ஆண்டவரே" என்று கையைப் பிடித்துப் பார்த்தார். ஜெபம் ஒன்று சொன்னார். ஜெபத்தை முடிக்கும்போதே முந்தானையிலிருந்து மிளகை எடுத்தார். தயாராகத்தான் வந்திருந்தார்.

"நல்லமொளகு. இதக் கடிச்சு மெல்லு மக்ளே. எரிக்குதாண்ணு சொல்லு. எரிச்சா வெஷம் ஏறல்லேண்ணு அர்த்தம்."

மகள் மென்றாள். ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தவள் இன்னும் உரக்க அழுதாள். "எரியுது!"

"பாத்தியளா? ஒண்ணும் இல்ல. ஸ்தோத்திரம்."

எனக்குப் பாதி உயிர் வந்தது. அதைக் கெடுக்க எதிர்வீட்டு மதுரைக்கார அம்மா முன்னால் வந்தார்.

"என்னங்கத்தா நீங்க, மிளகெல்லாம் ஒரு பரீட்சையா? மிளகு செத்த பொணத்துக்கும் காரமாத்தான் இருக்கும். எங்கூருல பச்ச மொளகாதான். ஆத்தா, இதக் கடி. நல்லாக் கடி. பயப்படாத, என் தங்கமில்ல."

"அதெப்படி? எங்க ஊர்ல பாம்பு கடிச்சாலே நல்லமொளகுதான்."

"ஒங்க ஊர்ல பாம்புக்கே ஒறைக்கும்ங்கிறீகளா?"

இரண்டு ஜில்லாக்களும் சண்டை போட்டுக்கொண்டிருக்க, மகள் பச்சை மிளகாயைக் கடித்தாள். ஒன்று போதவில்லை என்று இரண்டாவதும் கொடுக்கப்பட்டது. கண், மூக்கு, வாய் எல்லாவற்றிலிருந்தும் தண்ணீர் கொட்டியது. காரம் தெரிந்ததா என்று கேட்கத் தேவையே இருக்கவில்லை. மதுரையும் திருப்தியடைந்தது.

மூன்றாவது ஆள் ஆற்காட்டுப் பக்கத்து அக்கா, லைன் கோடியில் வீடு.  போய் ஒரு கொத்து வேப்பிலையோடு வந்தார்.

"காரம் எல்லார்க்கும்தான் தெரியும். வெசம் ஏறுனா மொதல்ல போறது கசப்பு. பாப்பா, வாயத் தொற. மென்னு துன்னு. கசக்குதா?"

மகள் மென்றாள். நாங்கள் நாலு பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"கசக்கலை."

"நல்லா மெல்லுடி. கசக்கலையா?"

"இல்ல. புல்லு மாதிரி இருக்கு."

ஆற்காட்டு அக்கா இன்னொரு பிடி கொடுத்தார். அதையும் மென்று விழுங்கிவிட்டு மகள் தலையை ஆட்டினாள். இல்லை. வேப்பிலை கசக்கவில்லை. நாகர்கோவில் அக்கா மறுபடி ஜெபம் சொல்ல ஆரம்பித்தார், இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு. மதுரைக்கார அம்மா "ஆத்தாடி" என்று தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்த விதத்தைப் பார்த்ததும் நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று வருடம் படித்த விலங்கியல் ஒரு பக்கம், "கசக்கலை" ஒரு பக்கம். பட்டம் தோற்றது. சிலந்தியின் விஷத்துக்கும் நாக்கின் கசப்புக்கும் சம்பந்தம் உண்டா என்று யாராவது பரீட்சையில் கேட்டிருந்தால் எழுதியிருப்பேன். என் பிள்ளை வேப்பிலையைக் கீரை மாதிரித் தின்றுகொண்டு நிற்கும்போது ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. விஷம் தலைக்கு ஏறிக்கொண்டிருக்கிறது என்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது.

அவரைக் கூப்பிடலாம் என்றால் அவர் தொழிற்சாலைக்குள் இருக்கிறார். உள்ளே போனவர்கள் சங்கு ஊதாமல் வெளியே வருவது லேசில்லை. அனுமதிச் சீட்டு, கையெழுத்து, இன்னொரு கையெழுத்து. அத்தனையும் முடிவதற்குள் சங்கே ஊதிவிடும். கேட்டில் போய்ச் சொல்கிறேன் என்று மதுரைக்கார அம்மா எழுந்து ஓடினார். எங்களுக்கு வண்டி கிடைத்தது ஆற்காட்டு அக்காவின் தம்பியால். மண்ணூர்பேட்டையில் குடியிருந்துகொண்டு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் மெஷின் ஓட்டுகிறவர், அக்காவைப் பார்க்க ஸ்கூட்டரில் வந்திருந்தார். பிறந்தது ஆற்காடானாலும் வளர்ந்தது பட்டணத்தில், பேச்சு முழுக்கப் பட்டணம்.

"இன்னாக்கா இது, கொயந்த கையப் புட்ச்சிகினு பட்டிமன்றம் நடத்திகினு கீறீங்க? வேப்பில துன்னா இன்னா, வாயப்பயம் துன்னா இன்னா? ஏறும்மா வண்டில. அது இன்னாது கைல, காப்பியா?"

"சிலந்தி."

அவர் ஒரு நிமிஷம் என்னையும் தூக்கையும் பார்த்தார். "மூடி டைட்டா கீதா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, தூக்கை வாங்கி ஸ்கூட்டரின் கொக்கியில் தன் முழங்காலுக்கு நேராக மாட்டிக்கொண்டார். என் வாழ்க்கையில் நான் பார்த்த வீரச் செயல்களில் அதற்கு முதலிடம்.

முத்தாபுதுப்பேட்டை போகிற வழியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. ஒரு லேடி டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு ஆயா. மெயின் ரோட்டில் போனால் தேங்கின தண்ணீர், முள்ளுக்காட்டு வழியாகப் போனால் குறுக்கு. குறுக்கே விட்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடக்கிற பாதை அது, மழை லீவானதால் காலையிலிருந்து ஒருவரும் போகவில்லை. இரண்டு பக்கத்து வேலிகாத்தானுக்கும் நடுவில் வரிசையாக வலைகள், கொட்டகைப் படுதா மாதிரி, ஒவ்வொன்றின் நடுவிலும் மஞ்சள் கறுப்புச் சிலந்தி. எல்லாவற்றையும் அவர் முகத்தால் கிழித்துக்கொண்டு போனார்.

"தூ... மூஞ்சி பூரா பஞ்சு மிட்டாய் சுத்துன மாதிரி கீதுக்கா. தூ... கொயந்த முயிச்சிகினு கீதா? பேச்சு குட்துகினே வா. தூங்க வுடாத."

பேச்சுக் கொடுத்தேன். ஏழாம் வாய்ப்பாடு கேட்டேன். மகள் அழுதுகொண்டே சரியாகச் சொன்னாள். அப்போதுதான் அவருடைய இடது தோளில் ஒரு வலைக்காரச் சிலந்தி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். காலர் பக்கமாக மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. அது கடிக்காது என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. சொன்னால் ஹேண்டில்பாரை விட்டுவிடுவார். ஆஸ்பத்திரி வாசல் வரை, அந்தச் சிலந்தியைப் பார்த்தபடி, வாயை இறுக்கி மூடிக்கொண்டு, மகளை அவர் முதுகிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டு போனேன். எட்டாம் வாய்ப்பாட்டைக் கேட்கவே மறந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இல்லை. பட்டாபிராம் பக்கம் ஒரு பிரசவத்துக்குப் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்றார் நர்ஸ். மகளைக் கட்டிலில் படுக்கவைத்துக் கையைக் கழுவி, ஈரத்துணி சுற்றி, தலையணை மேல் தூக்கிவைத்தார். நாடி பார்த்தார். "என்ன கடிச்சது?" என்று கேட்டார். தூக்கில் இருப்பதை நான் சொல்ல வாயெடுப்பதற்குள் ஆயா அதைக் கையில் எடுத்துவிட்டார்.

"காப்பிதான? பாப்பாக்கு ஆத்திக் குடுக்கட்டா?"

மூடி திறந்தது. அதன் பிறகு நடந்ததைச் சரியான வரிசையில் சொல்ல முடியாது. தூக்கு ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம், ஆயா பெஞ்சின் மேல். காலில் மாவுக்கட்டோடு நேற்றிலிருந்து அசைய முடியாமல் படுத்திருந்ததாகச் சொல்லப்பட்ட பெரியவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். எங்கள் சிலந்தி நிதானமாகச் சுவரேறி, "அமைதி காக்கவும்" என்ற பலகைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

"இன்னா நைனா, மேல போய்க் குந்திகினியே" என்று அதனிடமே நியாயம் கேட்டுக்கொண்டு மண்ணூர்பேட்டைக்காரர் துடைப்பத்தோடு கிட்டே போனார். ஆயா பெஞ்சின் மேலிருந்து அலறினார்: "யோவ், உன் கழுத்தாண்ட ஒண்ணு கீதுய்யா!" அவ்வளவு நேரம் தூக்கை முழங்காலில் இடித்துக்கொண்டே வந்த அந்த வீரர் சட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே மறுபடி தூற ஆரம்பித்திருந்த மழையில் ஓடியதை மகளும் பார்த்தாள். அவ்வளவு வலியிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த முகம் அப்படியே சுருங்கியது.

"அம்மா, கை தானா இழுக்குது."

பார்த்தேன். விரல்கள் உள்பக்கமாக மடங்கி மடங்கி விரிந்தன. அவள் மடக்கவில்லை, அதுவாக மடங்கியது. தோள்பட்டை துடித்தது. நெற்றியெல்லாம் வேர்வை. நர்ஸ் வேகமாக வெளியே போய் யாரையோ சைக்கிளில் டாக்டரிடம் அனுப்பினார். அந்த வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. அதுவரை மெதுவாக நடந்தவர் அவர்.

"அம்மா, நான் செத்துருவேனா? டிராயிங் போட்டிக்குப் பேர் குடுத்திருக்கேனே."

"சீ, வாயைக் கழுவு. சிலந்தி கடிச்சு யாராவது சாவாங்களா?"

"அப்ப ஏன் கசக்கலை?"

 அவள் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது ஏறாமல் நின்றுவிடுமோ என்று ஒவ்வொரு மூச்சுக்கும் காத்திருந்தேன். நான் சாமி கும்பிடுவதில் சோம்பேறி. நாகர்கோவில் அக்காவின் ஜெபத்தில் நினைவிருந்த வரியை, என் குலதெய்வத்தின் பெயரைப் போட்டுச் சொன்னேன். இரண்டு பேரும் கோபித்துக்கொண்டிருக்கலாம்.

தூரத்தில் சங்கு ஊதியது. கொஞ்ச நேரத்தில் என் கணவர் வந்தார், சைக்கிளை வாசலில் போட்ட சத்தம் உள்ளே கேட்டது. கை முழுக்க கிரீஸ், முகம் முழுக்க வலை. அவரும் தொழிற்சாலைப் பக்கத்து முள்ளுக்காட்டு வழியாகத்தான் வந்திருக்கிறார். பின்னாலேயே சைக்கிள் ரிக்ஷாவில் மூன்று பெண்களும் வந்து இறங்கினார்கள். கட்டிலருகே வந்ததும் அவர் மகளின் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கையுறை போட்டிருந்தாளா?"

"போட்டிருந்தா."

"அப்புறம் எப்படிக் கடிக்கும்?"

"அதுக்குள்ளதான் இருந்துது."

புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு மடங்கி உட்கார்ந்து மகளின் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். கிரீஸ் கையால் தேய்த்துத் தேய்த்துப் பாதமே கறுப்பாகிவிட்டது. "அப்பா, நீங்க சொன்ன மாதிரிதான் செஞ்சேன்" என்றாள் மகள். அவள் வாயை யாராவது அப்போதே பொத்தியிருக்கலாம். அந்த மனிதர் அழுது நான் பார்த்தது அன்றுதான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பாதுகாப்பு என்ற சொல்லை அவர் உச்சரிக்கவே இல்லை, அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். இப்போதும் மழை விட்டால் ரெயின்கோட், ஹெல்மெட், குடை, சுருட்டி வைத்த பாய், வெளியில் கிடந்த வாளி எதையும் குச்சியால் தட்டி, கவிழ்த்து, வெளிச்சத்தில் பார்க்காமல் யாரையும் தொடவிடுவதில்லை. கண் போகாத இடத்துக்குக் கை போகக் கூடாது என்று மகளுக்குச் சொல்லிச் சொல்லி, அவள் ஹாஸ்டலில் என்னைப் போலவே பேசிக்காட்டித் தோழிகளைச் சிரிக்கவைக்கிறாளாம். சிரிக்கட்டும். உதறிவிட்டுச் சிரிக்கட்டும்.

அன்று சிரிப்பதற்கு யாரும் இல்லை. மகளின் தோள் இழுத்துக்கொண்டே இருந்தது. ஆற்காட்டு அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றார். மதுரைக்கார அம்மா என் காதில், "எதுக்கும் இன்னொரு தடவ வேப்பிலை கொடுத்துப் பாப்பமா?" என்றார். அவர் மடியில் வேப்பிலை இருந்தது.

அப்போது ஆட்டோ சத்தம் கேட்டது. லேடி டாக்டர் உள்ளே வந்தார். புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது, குடையைக்கூட மடக்கவில்லை. "எது கடிச்சது?" என்று கேட்டார். எல்லாரும் ஒன்றாகச் சுவரைக் காட்டினோம். அண்ணாந்து பார்த்தார். "பெரிசுதான்" என்றார். பிறகு அதை மறந்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். நாடி, கண், மார்பு, வயிறு, கடித்த இடம், ஒவ்வொன்றாக.  நர்ஸிடம் ஏதோ மருந்தின் பெயர் சொன்னார், ஊசி வந்தது, போட்டார். முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"டாக்டர்" என்றேன்.  "குழந்தைக்குக் கசப்பு தெரியலை டாக்டர். விஷம் ஏறிடுச்சு."

"எது கசக்கலை?"

"வேப்பிலை."

"வேப்பிலை எதுக்குக் குடுத்தீங்க?"

ஆற்காட்டு அக்கா முந்தானையை எடுத்துவிட்டு விளக்கினார். டாக்டர் குறுக்கிடாமல் கேட்டார்.

"சரி. வேப்பிலைக்கு முன்னாடி வேற ஏதாவது குடுத்தீங்களா?"

"நல்லமொளகு குடுத்தேன்" என்றார் நாகர்கோவில் அக்கா. "ஒரு பத்து மணி மொளகு இருக்கும்."

"அப்புறம்?"

"பச்ச மொளகா" என்றார் மதுரைக்கார அம்மா, தரையைப் பார்த்துக்கொண்டு. "ரெண்டேதான்."

டாக்டர் டார்ச்சை எடுத்தார். "நாக்க நீட்டு கண்ணு" என்றார். மகள் நீட்டினாள். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். என் கணவர் மகளின் பாதத்தை விடவே இல்லை. நான் டாக்டரின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டார்ச்சை அணைத்தார்.

"கை இழுக்கிறது ஊசிக்கு அடங்கிடும். ராத்திரி இங்கயே படுக்கட்டும், நான் இருக்கேன். வலி நாலஞ்சு நாள் இருக்கும். இந்த மாதிரிச் சிலந்தி நல்லா வலிக்க வைக்கும், உயிரை எடுக்காது" என்றார். பிறகு எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் வரிசையாகப் பார்த்தார். "நாக்குதான் வெந்து கிடக்கு. யார் வீட்லயாவது தயிர் இருக்கா?"